பிடித்த பாத்திரம் பற்றிப் பேசும் கூடுகை

நெடுந்தொடர் நாவல் ஒன்றைப் படிக்கும் வாசகர் வட்டத்தில், “உங்களுக்குப் பிடித்த பாத்திரம் யார்?” என்று அறிவித்துக் கூட்டும் நாளில்தான் ஆட்கள் அதிகம் வருவார்கள். மற்ற நாட்களில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவர்கூட அன்று பேசுவார். ஆனால் முன்தயாரிப்பு இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் பேச்சு வற்றிவிடும். ஆளுக்கொரு பெயரைச் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால் “தைரியசாலி”, “சிரிக்க வைப்பான்”, “பாவம், நல்லவள்” என்று ஒரு வார்த்தையோடு முடியும். பிறகு யாராவது ஒருவர் இன்னொருவருடைய பாத்திரத்தைக் குறைத்துப் பேச, அது வாக்குவாதமாகும்.

குறை கேள்வியில் இருக்கிறது. பல ஆண்டுகள் நீளும் கதையில் ஒரு பெயர் ஒரே ஆளைக் குறிப்பதில்லை. கேள்வியை மாற்றினால் கூடுகையின் போக்கே மாறும். எப்படி மாற்றுவது என்பதைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது.

எடுத்துக்காட்டுக்கு ராபர்ட் ஜோர்டானின் ‘த வீல் ஆஃப் டைம்’ ஃபேன்டசி தொடரை எடுத்துக்கொள்கிறேன். 14 பாகங்கள், அவற்றுக்கு முற்பட்ட கதையைச் சொல்லும் ஒரு சிறு நாவல், ஏறத்தாழ 44 லட்சம் சொற்கள். முதல் பாகம் 1990இல் வந்தது, கடைசிப் பாகம் 2013இல். நடுவில் ஆசிரியர் இறந்துபோனார், இன்னொருவர் எழுதி முடித்தார். பின்னர் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. ஒரு வாசகர் வட்டத்துக்கு வரக்கூடிய சிக்கல்கள் பெரும்பாலும் இந்த ஒரு தொடரிலேயே உண்டு. நீங்கள் வேறு தொடரைப் படிக்கிறீர்கள் என்றால் பெயர்களை மாற்றிக்கொண்டு இதே முறைகளைக் கையாளலாம்.

ஓர் எச்சரிக்கை: கீழே 11ஆம் பாகம் வரையிலான சில திருப்பங்கள் வருகின்றன. அதைத் தாண்டும் பெரிய திருப்பம் ஒன்றும் உண்டு. அந்த இடத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பெயர் வேண்டாம், காட்சி வேண்டும்

மேட் காத்தனைப் பாருங்கள். முதல் பாகமான ‘தி ஐ ஆஃப் த வேர்ல்ட்’ நாவலில் அவன் ஒரு குறும்புக்காரக் கிராமத்துப் பையன். சபிக்கப்பட்ட நகரம் ஒன்றின் இடிபாடுகளில் இருந்து ஒரு கத்தியை எடுத்துவந்துவிடுகிறான். அது அவனை உள்ளிருந்து அரிக்கிறது. சந்தேகம், எரிச்சல், நோய். இரண்டு பாகங்கள் முழுக்க அவன் மற்றவர்களுக்குச் சுமையாகவே வருகிறான். அந்த இரண்டிலும் கதை ஒருமுறைகூட அவன் மனதுக்குள் போவதில்லை.

1991இல் வந்த மூன்றாம் பாகம் ‘த டிராகன் ரீபார்ன்’. அதில் மந்திர ஆற்றலைக் கையாளும் ஐஸ் செடாய்ப் பெண்கள் கூடி அவனைக் குணப்படுத்துகிறார்கள். முதன்முறையாக அவன் எண்ணங்கள் வழியே கதை நகர்கிறது. எலும்பும் தோலுமாகப் படுக்கையை விட்டு எழுந்தவன், வாள் பயின்ற அரச குடும்பத்து இளைஞர்கள் இருவரிடம் பந்தயம் கட்டி, ஒரு தடியை மட்டும் வைத்துக்கொண்டு இருவரையும் சாய்க்கிறான். அந்தக் காட்சியில் இருந்துதான் மேட் பலருடைய நெஞ்சில் இடம்பிடித்தான்.

இப்போது உங்கள் வட்டத்தில் இரண்டாம் பாகத்தோடு நிற்பவர் ஒருவரும் ஆறாம் பாகத்தில் இருப்பவர் ஒருவரும் மேட்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் மனதில் இருப்பது நோயாளி. இரண்டாமவர் மனதில் இருப்பது பகடையும் ஈட்டியுமாகப் படை நடத்தும் தளபதி. எவ்வளவு நேரம் பேசினாலும் இருவரும் ஒரே ஆளைப் பற்றிப் பேசப்போவதில்லை.

அதனால் கூடுகைக்கு ஒரு வாரம் முன்பே இப்படிச் சொல்லி அனுப்புங்கள்: “உங்களுக்குப் பிடித்த பாத்திரம் வரும் ஒரே ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்து வாருங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.” பக்க எண்ணைக் கேட்காதீர்கள், அத்தியாய எண்ணைக் கேளுங்கள். ஒருவர் கையில் கெட்டி அட்டைப் பதிப்பு இருக்கும், இன்னொருவரிடம் சிறிய பேப்பர்பேக், மூன்றாமவர் கிண்டிலில் படிப்பார். பக்க எண் மூவருக்கும் பொருந்தாது. ஒலிநூலில் கேட்பவருக்குப் பக்கமே கிடையாது.

கூடுகையில் ஒருவர் தன் காட்சியைச் சுருக்கமாகச் சொல்லி, அதிலிருந்து ஒரு பத்தியை வாய்விட்டுப் படிக்கட்டும். பிறகு ஒருங்கிணைப்பாளர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “இந்த இடத்தில் அவர் என்ன செய்கிறார்?” எப்படிப்பட்டவர் என்று கேட்டால் பண்புப் பட்டியல்தான் வரும். என்ன செய்கிறார் என்று கேட்டால் புத்தகத்தைத் திறப்பார்கள்.

உள்ளிருந்தும் வெளியிலிருந்தும்

ஜோர்டான் ஒவ்வொரு பகுதியையும் ஏதோ ஒரு பாத்திரத்தின் கண் வழியாகச் சொல்கிறார். அந்தப் பாத்திரத்துக்குத் தெரிந்தது மட்டுமே நமக்கும் தெரியும். அதில் தப்பெண்ணங்களும் அடக்கம். ராண்ட், மேட், பெரின் மூவரும் ஒரே ஊர்ப் பையன்கள். பெண்களிடம் எப்படிப் பேசுவது என்பது மற்ற இருவருக்கும் நன்றாகத் தெரியும், தனக்குத்தான் தெரியவில்லை என்று மூவருமே தனித்தனியாக நினைத்துக்கொள்கிறார்கள். மூன்று தலைக்குள்ளும் போய்வந்த வாசகருக்குத்தான் உண்மை புரியும்.

இதை வைத்து ஒரு நல்ல கூடுகை நடத்தலாம். ஒரே பாத்திரத்துக்கு இரண்டு காட்சிகள் எடுங்கள். ஒன்று அவர் மனதுக்குள் இருந்து சொல்லப்பட்டது, மற்றது இன்னொருவர் பார்வையில் அவர் தென்படுவது. இதற்கு நைனீவைவிடப் பொருத்தமான ஆள் இந்தத் தொடரில் இல்லை. அவள்தான் எனக்கு மிகவும் பிடித்தவள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வெளியிலிருந்து பார்த்தால் நைனீவ் ஒரு சிடுமூஞ்சி. பின்னலைப் பிடித்து இழுத்துக்கொண்டு எல்லோரையும் அதட்டுகிறாள். முதல் பாகத்தில் பாதியை எட்டுவதற்குள் பல வாசகர்கள் அவளை வெறுத்துவிடுகிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் வேறு ஒருத்தி இருக்கிறாள். இவ்வளவு இளம் வயதில் ஊரின் வைத்தியப் பொறுப்பா என்று சந்தேகித்த பெரியவர்கள் நடுவே தன்னை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியவள். தன் ஊர்ப் பிள்ளைகளை யாரோ அழைத்துப்போய்விட்டார்கள் என்றதும் தன்னந்தனியாகத் தடம்பிடித்துத் தொடர்ந்து வருகிறாள். தேர்ந்த வீரனான லான் போட்ட தடத்தையே கண்டுபிடித்து வந்துவிட்டாள் என்பதில் அவனே திகைத்துப்போகிறான்.

அவளுடைய கோபத்துக்கும் கதையில் ஒரு வேலை உண்டு. கோபம் வந்தால் மட்டுமே அவளால் மந்திர ஆற்றலைக் கையாள முடியும். ஏழாம் பாகத்தில்தான் அந்தத் தடை உடைகிறது. அதற்கு முன்பே, ஆறாம் பாகத்தில், ஆற்றல் அறுக்கப்பட்டவர்களைக் குணப்படுத்தவே முடியாது என்று எல்லோரும் நம்பியிருந்ததைப் பொய்யாக்கிக் காட்டுகிறாள். முடியாது என்ற சொல்லை அவள் ஏற்பதில்லை, அவ்வளவுதான்.

2005இல் வந்த 11ஆம் பாகம் ‘நைஃப் ஆஃப் ட்ரீம்ஸ்’ நாவலின் 20ஆம் அத்தியாயத்தைக் கட்டாயம் கூடுகையில் வையுங்கள். அழிந்துபோன நாட்டின் கடைசி அரசனான லான், தனியாகப் போருக்குப் புறப்படுகிறான். செத்துப்போவான் என்று தெரிந்தும் அவன் மனைவி நைனீவ் தடுக்கவில்லை. பிறகு அவள் என்ன செய்கிறாள் என்பதை ஒரு வியாபாரியின் கண் வழியாகக் காட்டுகிறார் ஜோர்டான். விடுதியில் ரத்தினங்களுக்கு விலை பேசிக்கொண்டிருக்கும் அந்த மனிதர், சிதறிப்போன அந்த நாட்டு மக்களில் ஒருவர். அவர் முன்னால் ஒரு பெண் வந்து நிற்கிறாள், தன் கணவன் தனியாகப் போகத்தான் வேண்டுமா என்று கேட்கிறாள். அந்த வியாபாரிக்கு அவளுடைய பின்னலைப் பற்றியோ கோபத்தைப் பற்றியோ எதுவும் தெரியாது. நமக்குத் தெரியும். பத்துப் பாகங்களாக அவளிடம் எரிச்சலூட்டிய பிடிவாதம் அந்த விடுதி அறையில் ஒரு நாட்டையே எழுப்புகிறது. இந்தத் தொடரில் நான் திரும்பத் திரும்பப் போய்ப் படிப்பது இந்த அத்தியாயத்தைத்தான். நைனீவைப் பிடிக்காது என்று சொல்லும் ஒருவர் உங்கள் வட்டத்தில் இருந்தால், அவரையே இதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மனம் மாறாவிட்டாலும் பரவாயில்லை, பேச்சு ஆழமாகும்.

யார் எதுவரை படித்திருக்கிறார்

ஸ்பாய்லரால் உடைந்த வட்டங்கள் நிறைய. கூடுகை தொடங்கும்போதே, வந்திருப்பவர்களில் மிகக் குறைவாகப் படித்திருப்பவர் எந்தப் பாகத்தில் இருக்கிறார் என்று கேட்டு, அதை எல்லோருக்கும் கேட்கும்படி அறிவியுங்கள். அன்றைய பேச்சின் எல்லை அதுதான். முழுவதும் முடித்தவர்கள் அதிகம் இருந்தால் கூடுகையை இரண்டாகப் பிரியுங்கள். டீக்கு முன்னால் எல்லைக்குள், டீக்குப் பின்னால் எல்லை இல்லாமல். இரண்டாம் பாதிக்கு இருக்க முடியாதவர்கள் டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

முடித்தவர்களிடம் தனியாக ஒன்றைச் சொல்லிவையுங்கள். “பொறுத்திருந்து பாருங்கள்”, “அவளைப் பற்றி இப்போது நான் எதுவும் பேசமாட்டேன்” போன்றவையும் ஸ்பாய்லர்தான். அர்த்தத்தோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதும் அப்படியே. புதியவர்களிடம், ஒரு பெயர் மறந்துபோனால் இணையத்தில் தேட வேண்டாம், 2015இல் வந்த ‘த வீல் ஆஃப் டைம் கம்பானியன்’ கலைக்களஞ்சியத்தையும் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அது முழுத் தொடரையும் முடித்தவர்களுக்கான நூல். ஒவ்வொரு பாகத்தின் பின்னாலும் ஒரு சொல்விளக்கப் பட்டியல் உண்டு. பாத்திரங்கள் யார் யார் என்பதும் பெயர்களை எப்படி உச்சரிப்பது என்பதும் அதிலேயே இருக்கிறது. படித்துக்கொண்டிருக்கும் பாகத்தின் பட்டியல் மட்டும் போதும்.

ஏன் இவ்வளவு கறார் என்பதற்கு வெரின் மாத்வின் சாட்சி. 12ஆம் பாகம் படிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

வெரின் ஒரு ஐஸ் செடாய். விரலில் மைக்கறை, எதையோ யோசித்தபடி பேச்சை மறந்துவிடும் அறிஞர். இரண்டாம் பாகத்தில், மொய்ரேன் என்ற இன்னொரு ஐஸ் செடாய்தான் தன்னை அனுப்பினாள் என்று சொல்லிக்கொண்டு வந்து சேர்கிறார். மூன்றாம் பாகத்தில் மொய்ரேன், நான் அனுப்பவில்லை என்கிறாள். ஐஸ் செடாய்கள் பொய் பேச முடியாதபடி சத்தியத்தால் கட்டுண்டவர்கள். அப்படியென்றால்? கவனித்துப் படித்தவர்கள் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, வெரின் இருளின் பக்கமா ஒளியின் பக்கமா என்று ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விவாதித்தார்கள். 2009இல் ‘த கேதரிங் ஸ்டார்ம்’ பதில் சொன்னது: இரண்டும். எதிரியின் சங்கத்தில் சேர்ந்து எழுபது ஆண்டுகள் அவர்களுடைய ரகசியங்களைத் திரட்டியவர் அவர். சாகும் நேரம்வரை காட்டிக்கொடுக்க மாட்டேன் என்பதுதான் அங்கே அவர் செய்துகொடுத்த சத்தியம். அதனால் நஞ்சைக் குடித்துவிட்டு, மிச்சமிருக்கும் அந்தச் சாகும் நேரத்தில் எல்லாவற்றையும் ராண்டின் ஊர்ப் பெண்ணான எக்வேனிடம் ஒப்படைக்கிறார். இதைத் தெரியாமல் படிக்கும் அனுபவத்தை ஒருவரிடமிருந்து பறிக்க நமக்கு உரிமை இல்லை.

இதைப்போல இன்னொரு புதிர், இருளின் பக்கத்தைச் சேர்ந்த அஸ்மோடியன் என்பவனின் கொலை. 1993இல் வந்த ஐந்தாம் பாகத்தின் முடிவில் அவன் ஒரு கதவைத் திறக்கிறான், எதிரே நிற்பவரை அடையாளம் கண்டுகொள்கிறான், சாகிறான். கொன்றது யார் என்று ஜோர்டான் எழுதவில்லை. பதில் 2010இல் 13ஆம் பாகத்தின் சொல்விளக்கப் பட்டியலில் ஒரு வரியாக வந்தது. பதினேழு ஆண்டுகள்! ஐந்தாம் பாகத்தை முடிக்கும் கூடுகையில் இதற்காகவே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் தாம் சந்தேகிக்கும் பெயரையும் அதற்கான காரணத்தையும் ஒரு சீட்டில் எழுதி உறைக்குள் போட்டு ஒட்டிவிடட்டும். 13ஆம் பாகம் முடியும் அன்று அந்த உறைகளைப் பிரியுங்கள்.

பிடிக்காதவர்களைப் பற்றி

பிடிக்காத பாத்திரத்தைப் பற்றிப் பேசும்போது சூடு ஏறும். இந்தத் தொடரில் எக்வேன், ஃபாயீல், காட்ஸுவேன் ஆகியோரைச் சொன்னால் போதும். ஒரு விதியை மட்டும் வையுங்கள்: “எனக்கு இவளைப் பிடிக்காது” என்று சொல்வதற்கு முன்னால், தான் எடுத்துவந்த காட்சியில் அவள் எதை அடைய முயல்கிறாள் என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அதைச் சொன்ன பிறகு தாராளமாகத் திட்டலாம்.

வெறுப்பின் பட்டியலில் பெண்களின் பெயர்கள் மிகுந்திருப்பதை ஒருங்கிணைப்பாளர் கவனிக்க வேண்டும். ராண்ட் யாரையும் நம்பாமல் ஆணையிட்டால் “பாவம், எவ்வளவு பாரம் சுமக்கிறான்” என்கிறோம். எக்வேன் ஆணையிட்டால் “திமிர்” என்கிறோம். இருவரும் ஒரே ஊரில் வளர்ந்து, ஏறக்குறைய ஒரே வயதில், தாங்க முடியாத பொறுப்பைத் தோளில் ஏற்றுக்கொண்டவர்கள். இதை உரக்கச் சொல்லத் தயங்காதீர்கள். அதே நேரம், பாத்திரத்தின் மேல் வரும் கோபம் வேறு, ஆசிரியரின் மேல் வரும் குறை வேறு. பின்னல் இழுப்பதும் பாவாடையை நீவிவிடுவதும் பக்கத்துக்குப் பக்கம் வருவது ஜோர்டானின் பழக்கம். ஆண்களும் பெண்களும் ஓயாமல் ஒருவரையொருவர் குறைசொல்வதை அவர் அளவுக்கு மீறி எழுதினார் என்ற விமர்சனம் நியாயமானது. அதற்கு நைனீவைத் தண்டிக்க வேண்டியதில்லை.

காத்திருந்த காலமும் வெறுப்பை வளர்க்கும். பெரினின் மனைவி ஃபாயீல் கடத்தப்படுவது 1998இல் வந்த எட்டாம் பாகத்தில். பெரின் அவளை மீட்பது 2005இல் வந்த 11ஆம் பாகத்தில். புத்தகங்கள் வெளிவந்தபோதே வாங்கிப் படித்தவர்கள் ஏழு ஆண்டுகள் அந்த மீட்புக்காகக் காத்திருந்தார்கள். அவர்களில் பலருக்குப் பெரின் என்றாலே அலுப்பு. எல்லாப் பாகங்களையும் அடுக்கிவைத்து இப்போது படிப்பவருக்கு அது சில வாரங்களில் கடந்துபோகும். ஆகவே, தொடரை எப்போது, எவ்வளவு இடைவெளியில் படித்தார் என்பதையும் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு கைகள்

ஜோர்டான் 2007 செப்டம்பர் 16 அன்று இதய நோயால் இறந்தார். குறிப்புகளையும் எழுதி முடித்த சில காட்சிகளையும் விட்டுச்சென்றார். அவருடைய மனைவி ஹாரியட் மெக்டூகல்தான் தொடரின் பதிப்பாசிரியரும். அவர் பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்தார். ஒரே பாகமாகத் திட்டமிட்ட முடிவு மூன்று பாகங்களாக விரிந்தது.

12ஆம் பாகத்து மேட் வேறு ஆளாகப் பேசுகிறான் என்று வாசகர்கள் உடனே உணர்ந்தார்கள். அந்தக் குரல் தனக்குச் சரியாகக் கைவரவில்லை என்று சாண்டர்சனே வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கூடுகையில் 11ஆம் பாகத்தில் இருந்து மேட் வரும் ஒரு பக்கத்தையும் 12ஆம் பாகத்தில் இருந்து ஒரு பக்கத்தையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். ஜோர்டானின் மேட் தன்னைத் தானே அறியாதவன். சொல்வதும் செய்வதும் வேறாக இருப்பது அவனுக்கே தெரியாது, நகைச்சுவை அங்கேதான் பிறக்கிறது. சாண்டர்சனின் மேட் நகைச்சுவை செய்கிறோம் என்று தெரிந்தே செய்கிறான். கடைசி இரண்டு பாகங்களில் இடைவெளி குறைகிறது என்பது என் கணிப்பு. சாண்டர்சன் வழியாகவே இந்தத் தொடருக்கு வந்தவர்களும் உங்கள் வட்டத்தில் இருப்பார்கள். ஒப்பீடு அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாக ஆகிவிடக் கூடாது.

2021 முதல் 2025 வரை மூன்று பருவங்கள் பிரைம் வீடியோவில் வந்த தொலைக்காட்சித் தொடருக்குத் தனிக் கூடுகை வையுங்கள். அதில் பெரினுக்குத் தொடக்கத்திலேயே ஒரு மனைவி இருக்கிறாள், புத்தகத்தில் அப்படி ஒருத்தி கிடையாது. மேட்டாக இரண்டு நடிகர்கள் நடித்திருக்கிறார்கள். எந்தப் பெரின், எந்த மேட் என்று சொல்லாமல் பேச்சைக் கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

சில நடைமுறைகள்

பத்துப் பேருக்கு மேல் போனால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். ஒருங்கிணைப்பாளர் தன் காட்சியைக் கடைசியில் சொல்ல வேண்டும். முதலில் சொன்னால் மற்றவர்கள் அதற்கு ஏற்பப் பேசத் தொடங்கிவிடுவார்கள். வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். யாருக்கு எத்தனை வாக்கு என்று எண்ணத் தொடங்கினால் காட்சிகள் மறந்துபோகும், குறைந்த வாக்கு வாங்கிய பாத்திரத்தை நேசிப்பவர் அடுத்த முறை வாய் திறக்கமாட்டார்.

முக்கியப் பாத்திரங்களைத் தவிர்த்து ஒரு சுற்று கட்டாயம் வையுங்கள். பேசாத உறுப்பினர்கள் இந்தச் சுற்றில்தான் மலர்கிறார்கள். பெரினுக்கு வழிகாட்டும் ஓநாய் ஹாப்பர், இரண்டாம் பாகத்தின் முடிவில் ஒரு குறுகிய வழியைக் காத்து நிற்கும் இங்டார், எக்வேனைச் சுமந்துகொண்டு ஊரைவிட்டு ஓடிய பெலா என்ற குட்டைக் குதிரை. உலகம் முழுக்க இந்தத் தொடரின் வாசகர்களிடம் பெலாவுக்கு இருக்கும் அன்பைப் பார்த்தால், எழுதப்பட்ட ஒரு குதிரைக்காக மனிதர்கள் இவ்வளவு உருகுவார்களா என்று தோன்றும். உருகுகிறார்கள், நானும்தான்.

கடைசிப் பாகமான ‘எ மெமரி ஆஃப் லைட்’ நாவலுக்குத் தேதி குறிக்கும்போது மட்டும் அத்தியாயப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் குறியுங்கள். 37ஆம் அத்தியாயம் ஒரு தனி நாவல் அளவு நீளம், ஏறத்தாழ 200 பக்கம். பதிமூன்று பாகங்களாகக் கூட வந்தவர்கள் பலருடைய முடிவு அதற்குள் இருக்கிறது. பாதியில் நிறுத்தியவரும் முடித்தவரும் ஒரே அறையில் உட்கார்ந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. 36ஆம் அத்தியாயத்தோடு ஒரு கூடுகை வையுங்கள். அடுத்த கூடுகைக்கு மூன்று வாரம் இடைவெளி விட்டு, 37ஐ முடித்தவர்கள் மட்டும் வரும்படி சொல்லுங்கள்.